இரண்டாவது பிணையாள்

தர்மபுரத்தில் உழவு மெசின் ஓட்டிப் பிழைத்த ஜனகனைப் பொலிசார் பிடித்துக்கொண்டு போனது, தோட்டமொன்றில் தண்ணி மோட்டர் களவுபோன சந்தேகத்தில். வழக்கின் இரண்டாம் தவணையிலேயே நீதவான் பிணை கொடுத்துவிட்டார். ஊரில் நிரந்தரமாக இருக்கும் இரண்டு பேர் வந்து கையெழுத்து வைத்தால் அவன் வீட்டுக்கு வரலாம்.

அவன் மனைவி சுமித்திராவுக்கு அன்று பாதி உயிர் வந்தது. அவளுடைய அண்ணன் ஜெயந்தன் சம்மதித்தான். மற்றவரைத் தேடி ஊரெல்லாம் அலைந்தாள். ஒருவருக்குக் காய்ச்சல், ஒருவர் கொழும்புக்குப் போகிறாராம். வேலிக்கு அந்தப் பக்கம், அடுத்த வளவுக் கனகலிங்கம் மட்டும் உள்ளதைச் சொன்னார்.

"பிள்ளை, அவன் களவெடுக்கமாட்டான், எனக்குத் தெரியும். ஆனா நான் ஒருக்கா விசாரணை எண்டு போய் வந்தவன். திரும்பப் பொலிஸ் கொப்பியிலை என்ரை பேர் ஏற வேண்டாம்."

"அவர் ஓடமாட்டார் அண்ணை."

"ஓம், ஓம். எண்டாலும் ஏலாது."

காலபோக நெல் அறுவடைக்கு வந்தது. உழவு மெசினை முதலாளி வேறொருவனிடம் கொடுத்துவிட்டார். படுக்கையில் கிடந்த ஜனகனின் தாய் பத்மாசனி, வேலிப் படலை திறக்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் "தம்பியோ?" என்று கேட்டுக் கேட்டே ஒரு விடியலில் கண்ணை மூடினாள். வழக்குப் பேசிய சட்டத்தரணி, ஜனகனை அடைத்துவைத்திருந்த மறியல்சாலைக்குச் சாவை அறிவித்தார். கூட்டிவரக் காவலர் இல்லை என்றார்கள். ஒரே மகன் இருக்க, தூரத்துச் சொந்தக்காரன் கொள்ளி வைத்தான்.

செத்தவீட்டுக்கு ஊரே திரண்டது. பந்தல் போட்டது முதல் பெட்டிக்குத் தோள் கொடுத்தது வரை கனகலிங்கம்தான் முன்னுக்கு நின்றார். சுடலையால் வந்து கால் கழுவியவரிடம் சுமித்திரா போனாள். அழவில்லை.

"மாமியைத் தூக்க இத்தினை பேர் வந்தியள் அண்ணை. அவரைக் கூட்டிவர ஒராள் வரேல்லை."

 அடுத்த நாள் காலை, கனகலிங்கம் வெள்ளைச் சேட்டோடு வந்து நின்றார். "வா பிள்ளை, கோட்டுக்குப் போவம்."

பின்னேரம் வெளியே வந்த ஜனகன் நேரே சுடலைக்குப் போனான். எரிந்த இடத்தில் இன்னும் சூடு இருந்தது.

அதன்பிறகு ஞாயிறுதோறும் அவன் பொலிசில் கையெழுத்து வைக்கவேண்டும். கனகலிங்கம் விடியவே வாசலில் நின்று கூப்பிடுவார். "தம்பி, வெளிக்கிட்டிட்டியே?" அந்த மனிதரில் ஜனகனுக்குப் பற்றிக்கொண்டு வரும். தான் தவறினால் நீதிமன்றம் அவரைத்தான் பிடிக்கும் என்பதும் தெரியும். பேசாமல் சைக்கிளை எடுப்பான்.

மோட்டரை விற்றது தோட்டச் சொந்தக்காரரின் மருமகன்தான் என்று பிறகு தெரியவந்தது. வழக்கைத் தள்ளுபடி செய்தார்கள். ஒருவரும் அவனிடம் வருத்தம் தெரிவிக்கவில்லை. வேலை கேட்டுப் போன இடங்களில், மறியலுக்குப் போய்வந்தவன் என்றார்கள்.