பழனிசாமிக்கு வாசனை தெரியாது

காரின் முன்மூடியைத் திறந்து கம்பி கொடுத்து நிறுத்திவிட்டு, பழனிசாமி மூன்றடி பின்னால் நகர்ந்து தெருவைப் பார்த்து நிற்கிறார். லாலாகுடா ரயில்வே பட்டறைக்குப் போகிறவர் ஒருவர் சைக்கிளில் வருகிறார். பழனிசாமி கையைக் காட்டி நிறுத்துகிறார்.

"பாய் சாப், ஏக் மினிட். சித்த மோந்து பாருங்க."

வந்தவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் இந்த ஒரு வாக்கியம் தெரியும். ஒரு காலைத் தரையில் ஊன்றியபடி எஞ்சின் பக்கம் தலையை நீட்டி இரண்டு முறை மூச்சை இழுக்கிறார். "குச் நை", ஒன்றுமில்லை, என்று சொல்லிவிட்டுப் போகிறார். பழனிசாமி சட்டைப் பையிலிருந்து சாக்குக்கட்டியை எடுத்து, காரின் கண்ணாடியில் ஒரு கோடு போடுகிறார். மூன்று மூக்குகள் பார்த்து மூன்று கோடுகள் விழுந்தால்தான் வண்டி வெளியே போகும்.

தார்நாகாவில், விஞ்ஞானிகள் குடியிருக்கும் காலனியின் பின்மதிலை ஒட்டித் தகரக் கூரை போட்ட இடம்தான் அவருடைய பட்டறை. இரண்டு கார்கள் நிற்கலாம். மூன்றாவது வந்தால் வேப்பமரத்தடியில் நிற்க வேண்டும். அவருக்குச் சொந்த ஊர் தாராபுரம். ஐதராபாத்துக்கு வந்து இருபத்தேழு வருடங்களாகியும் பேச்சில் 'ங்' போகவில்லை. கூடவே ஐதராபாத்தின் 'வேண்டாம்' ஆன 'நக்கோ'வும், 'ஆமாம்' ஆன 'ஹவ்'வும் சேர்ந்துவிட்டன. "பிரேக்கை மாத்தணுமா?" என்று கேட்டால், "நக்கோங்" என்பார். மரியாதையாக மறுப்பதற்கு இப்படி ஒரு சொல் வேறு எந்த ஊரிலும் கிடையாது.

மூன்றாவது கோடு எப்போதும் அவர் மனைவி அன்னக்கிளியுடையது. மதியம் ஒரு மணிக்குச் சாப்பாட்டுத் தூக்கோடு வருவார். தூக்கைக் கீழே வைப்பதற்கு முன்பே வண்டியைச் சுற்றி ஒருமுறை நடப்பார். "போலாம்" என்பார், அல்லது "பின்னாடி சக்கரத்துக்கிட்ட" என்பார். "அவ மூக்கு ஐஎஸ்ஐ முத்திரைங்" என்பது பழனிசாமியின் கணிப்பு.

பழனிசாமிக்கு வாசனை தெரியாது. 2003-இல் ஒரு காரின் டிக்கிக்குள் குனிந்திருந்தபோது, தாங்கியிருந்த கம்பி நழுவி மூடி பின்னந்தலையில் விழுந்தது. மூன்று நாள் ஆஸ்பத்திரி. தையல் பிரித்து வீட்டுக்கு வந்த அன்று, அடுப்புக்குப் பக்கத்தில் நின்று சாவகாசமாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தெருவிலிருந்து அன்னக்கிளி ஓடிவந்து, "பால் கருகறது தெரியலீங்களா?" என்று கத்தினார். பாத்திரம் கறுத்திருந்தது. பழனிசாமி குனிந்து முகர்ந்து பார்த்தார். பிறகு காபிப் பொடி டப்பாவைத் திறந்து முகர்ந்தார். பிறகு மண்ணெண்ணெய்க் கேனை. "அன்னைக்கிருந்து காபி வெந்நீர்ங்" என்று இதை அவர் ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுவார்.

வாடிக்கையாளர்கள் யாரிடமும் சொல்லாமல் ஒரு வருடம் வேலை பார்த்தார். அந்த ஒரு வருடத்தின் முடிவில், அவர் கார்புரேட்டரைச் சுத்தம் செய்து அனுப்பிய ஒரு ரயில்வே அதிகாரியின் கார் லாலாகுடாவில் நடுத்தெருவில் எரிந்தது. ஒரு குழாய் சரியாக இறுகவில்லை. பெட்ரோல் சொட்டியிருக்கிறது. பட்டறையை விட்டுக் கிளம்பும்போதே வாசனை வந்திருக்க வேண்டும். அதிகாரியும் மனைவியும் குதித்துத் தப்பினார்கள். பின்னிருக்கையில் அவர்கள் மகளின் கல்யாணப் பத்திரிகைகள் முந்நூறு இருந்தன. அவை தப்பவில்லை. மறுபடி அச்சடித்து வந்த பத்திரிகைகளை பழனிசாமி தன் மொபெட்டில் வைத்துக்கொண்டு நான்கு நாட்கள் ஊர் முழுக்க விநியோகித்தார். கல்யாணத்துக்கு அவரையும் கூப்பிட்டார்கள். போனார். பந்தியில் உட்காரவில்லை.

பத்திரிகை கொடுத்து முடித்த மறுநாளே பட்டறை வாசலில் ஒரு பலகை தொங்கியது. 'எனக்கு வாசனை தெரியாது. பெட்ரோல் வாசனை வந்தால் சொல்லவும்' என்று தெலுங்கிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும். தமிழில் ஏன் இல்லை என்று, என் காரை அவரிடமே விடுகிற நான் ஒருமுறை கேட்டேன். "தமிழ் ஆளுங்களுக்கு வாயிலயே சொல்லிருவனுங்" என்றார். பாதி வாடிக்கையாளர்கள் போய்விட்டார்கள். மீதிப் பாதிப் பேர் வாழ்க்கையில் முதல் தடவையாகத் தங்கள் வண்டியை முகர்ந்து பார்த்தார்கள்.

மூக்குகளை மட்டும் நம்பவும் அவர் தயாராக இல்லை. பழைய சாமான் கடையில் டாக்டர்கள் ரத்த அழுத்தம் பார்க்கும் பாதரசக் கருவி ஒன்றை வாங்கினார். கையில் சுற்றும் துணியைக் கழற்றிவிட்டு, ரப்பர் குழாயைப் பெட்ரோல் டாங்கின் ஆவிக் குழாயோடு இணைத்தார். மற்ற வழிகளை அடைத்துவிட்டு, பந்தை மெதுவாக அமுக்கிப் பாதரசத்தை இருபத்தைந்துக்கு ஏற்றிக் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். ஏறிய இடத்தில் நின்றால் கசிவு இல்லை. இறங்கினால் எங்கோ இருக்கிறது. ஒருமுறை என் காருக்கு அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தபோது, அந்தப் பக்கம் வந்த ஓய்வுபெற்ற டாக்டர் ஒருவர் ஐந்து நிமிடம் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

2009 ஜூலையில் ஒரு வெளிநாட்டுக் கார் வந்தபோதும் நான் அங்கேதான் இருந்தேன். ஓட்டி வந்தவர் நிகில், சாப்ட்வேர்காரர். ஐதராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழர். தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்வார். பக்கத்தில் அவர் மனைவி ரோகிணி. அவரும் மாதாப்பூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறார். ஆறு மாதக் கர்ப்பம். டாஷ்போர்டில் எஞ்சின் விளக்கு மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது.

"வண்டியில பெட்ரோல் ஸ்மெல் வருது அங்கிள்" என்றார் ரோகிணி. "டெய்லி தலைவலி. ஆபீஸ் வாசல்ல ரெண்டு தடவை வாந்தி எடுத்துட்டேன். சர்வீஸ் சென்டர்ல மூணு தடவை லைட்டை அணைச்சுக் குடுத்தாங்க. ஸ்மெல்லே இல்லைன்றாங்க."

"நாக்கு ஏமீ ராலேதண்டி" என்று தனக்கு ஒரு வாசனையும் வரவில்லை என்பதை நிகில் உறுதிப்படுத்தினார்.

"டாக்டர் என்ன சொன்னாங்க அம்மிணி?"

"இந்த டைம்ல அப்படித்தான் தோணுமாம். சைனிக்புரியில மாமியார் வேலையை விட்டுடச் சொல்றாங்க. மன்த் எண்ட்ல லெட்டர் குடுத்துடலாம்னு இருக்கேன்." இதைச் சொல்லும்போது அவர் காரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பழனிசாமி முன்மூடியைத் திறந்தார், டிக்கியைத் திறந்தார், பின்னால் நகர்ந்தார். முதலில் தபால்காரர் முகர்ந்தார். ஒன்றுமில்லை. அடுத்து நான். ஒன்றுமில்லை. ஒரு மணிக்கு அன்னக்கிளி வந்து வழக்கத்துக்கு மாறாக இரண்டு சுற்றுச் சுற்றினார். "ஒண்ணுமில்லீங்க. போலாம்" என்றார். கண்ணாடியில் மூன்று கோடுகள் விழுந்தன. நிகில் மனைவியைப் பார்த்து மெல்லச் சிரித்தார். ரோகிணி கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

பழனிசாமி உள்ளங்கையால் மூன்று கோடுகளையும் அழித்தார்.

"இந்த வண்டிக்கு இந்த அம்மிணி மூக்குத்தானுங் கணக்கு. கிளம்புங்க, ஒரு சுத்து போய்ட்டு வரலாம்."

போன வழியில் நடந்ததைப் பிறகு ரோகிணி சொன்னார். பழனிசாமி பின்னிருக்கையில் உட்கார்ந்துகொண்டு தெருவைப் பார்க்கவில்லை, விளக்கைப் பார்க்கவில்லை. ரோகிணியையே பார்த்துக்கொண்டிருந்தார். மெட்டுகுடா தாண்டி சிக்னலில் நின்றபோது ரோகிணியின் கை துப்பட்டாவை எடுத்து மூக்குக்குக் கொண்டுபோனது. அவர் வாயைத் திறப்பதற்குள் பழனிசாமி நிகிலின் தோளைத் தட்டினார். "பன்னெண்டு நிமிஷமுங். திருப்புங்க. வண்டி ஆறக் கூடாது."

திரும்பி வந்ததும் சூடு ஆறுவதற்கு முன்பே பின்சக்கரத்தைக் கழற்றி, உள்ளே இருந்த பிளாஸ்டிக் தடுப்பையும் எடுத்தார். பாதரசத்தை இருபத்தைந்துக்கு ஏற்றினார். ஒரு நிமிடத்தில் எட்டுக்கு வந்துவிட்டது. ஷாம்பு கரைத்த தண்ணீரைச் சவரப் பிரஷ்ஷால் ஒவ்வொரு இணைப்பிலும் தடவிக்கொண்டே போனார். கரி நிரப்பிய டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புப் பம்ப் இருந்தது. அதன் இரண்டு பாதிகள் சேரும் விளிம்பில் கடுகளவு நுரை எழுந்தது, உடைந்தது, மறுபடி எழுந்தது.

பெட்ரோல் டாங்கில் எழும் ஆவி வெளியே போகாமல் அந்தக் கரி டப்பாவில் பிடித்து வைப்பார்கள். அந்தப் பாதையில் எங்காவது ஓட்டை விழுந்திருக்கிறதா என்று அவ்வப்போது காற்றை அழுத்திப் பார்த்து, இருந்தால் விளக்கை எரியச் செய்வது அந்தப் பம்பின் வேலை. இந்த வண்டியில் ஓட்டை விழுந்திருந்ததே அந்தப் பம்பில்தான். குளிர்ந்திருக்கும்போது மூடிக்கொள்ளும் விரிசல், சூடேறினால் திறந்துகொள்ளும். விளக்கு இத்தனை நாளும் சரியாகத்தான் எரிந்திருக்கிறது. மூன்று முறையும் அணைத்துவிட்டார்கள்.

"அம்மிணி, இங்க வாங்க. கண்ணுலயே பாருங்க."

ரோகிணி டயரைப் பிடித்துக்கொண்டு சிரமப்பட்டுக் குந்தினார். அந்த நுரையை வெகுநேரம் பார்த்தார். அழப்போகிறார் என்று நினைத்தேன். செல்போனை எடுத்துப் படம் பிடித்து, மாமியாருக்கும் டாக்டருக்கும் அனுப்பினார்.

நிகில் அந்தப் பம்பைப் பற்றி இணையத்திலிருந்து நாற்பது பக்கம் அச்செடுத்து வந்தார். பழனிசாமி அதில் படங்களை மட்டும் பார்த்தார். அந்தப் பம்ப் ஐதராபாத்தில் இல்லை, சென்னையிலும் இல்லை.

"இதைக் கட் பண்ணிட்டுக் குழாயை அடைச்சுட்டா?" நிகிலுக்குத் தமிழ் வந்துவிட்டிருந்தது. "லைட்டையும் எடுத்துடலாமே? மத்த வண்டில எல்லாம் இந்தப் பம்பே இல்லியாம்."

"அடைச்சா இப்ப வாசனை போயிருமுங். நாளைக்கு வேற எடத்துல ஓட்டை விழுந்தா யாரு சொல்றது?" என்றார் பழனிசாமி. "எனக்குச் சொல்றதுக்கு அன்னக்கிளி இருக்கறா. வண்டிக்கும் ஒண்ணு வேணுமுங்களே."

பம்ப் மூன்று வாரம் கழித்து டாலஸிலிருந்து வந்தது, நிகிலின் நண்பர் ஒருவருடைய பெட்டியில், சாக்லேட்டுக்கும் குழந்தைத் துணிகளுக்கும் நடுவே. அந்த மூன்று வாரமும் கார் பட்டறையிலேயே நின்றது. ரோகிணி செகந்திராபாத் போய்க் கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போய்வந்தார். மாதக் கடைசி வந்தது, போனது. அவர் கடிதம் எதுவும் கொடுக்கவில்லை.

சனிக்கிழமை காலை மாற்றினார்கள். மூன்று போல்ட், இரண்டு குழாய், ஒரு மின்இணைப்பு. ஒரு போல்ட் துருப்பிடித்து அசைய மறுத்ததால் அதற்கே அரை மணி நேரம் போயிற்று. குழாய்கள் விறைத்திருந்தன. பிளாஸ்க்கிலிருந்த வெந்நீரைத் துணியில் நனைத்துச் சுற்றி, அவை இளகும்வரை கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். புதுப் பம்பைப் பொருத்திவிட்டுப் பாதரசத்தை ஏற்றினார். ஐந்து நிமிடம் எல்லாரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாதரசம் அசையவில்லை. நிகில் மடிக்கணினியை இணைத்து விளக்கை அணைத்தார்.

"நானே ஓட்டிட்டு வரேன். தனியா" என்றார் ரோகிணி. கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு கிளம்பினார்.

காத்திருக்கும்போது நிகில் கேட்டார். "எங்க யாருக்குமே ஸ்மெல் தெரியல. உங்களுக்கும் தெரியாது. அப்புறம் எப்படி அவ சொன்னதை நம்புனீங்க?"

பழனிசாமி கையைத் துடைத்துக்கொண்டே யோசித்தார். "எனக்கு வேற வழி இல்லீங்களே" என்றார்.

நிகில் வேப்பமரத்தடிக்குப் போய் நின்றுகொண்டார்.

கார் இருபத்தைந்து நிமிடம் கழித்து வந்தது. ரோகிணியின் இரண்டு கைகளும் ஸ்டீயரிங் மேல் இருந்தன. எஞ்சினை அணைக்காமலே கண்ணாடியை இறக்கினார்.

"இல்ல அங்கிள். ஒண்ணுமே இல்ல. வெறும் வண்டி வாசனைதான்."

நிகில் உடனே போனை எடுத்து அம்மாவை அழைத்தார். அன்னக்கிளி, "அப்பாடா" என்றார். பழனிசாமி எதையும் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. அவர் ஸ்டீயரிங் வளையத்தின் கீழ்ப்பகுதியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது ரோகிணியின் வயிற்றை ஒட்டி அழுந்தியிருந்தது. பெடலுக்குக் கால் எட்ட, பழைய அளவுக்கே அவர் இருக்கையை முன்னால் இழுத்துப் போட்டிருந்தார்; மூன்று வாரத்தில் வயிறுதான் வளர்ந்திருந்தது.

கையை இன்னொரு முறை கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். எஞ்சினை அணைக்கச் சொல்லிக் கதவைத் திறந்து, அப்படியே தரையில் குந்தி, இருக்கைக்கு அடியில் கையை விட்டு இரும்புப் பிடியைத் தூக்கிப் பிடித்தார்.

"காலை ஊனித் தள்ளுங்க அம்மிணி."

இருக்கை ஒரு பல் பின்னால் போனது. அவர் பிடியை விடவில்லை. இன்னொரு பல் போய் 'டக்'கென்று விழுந்த பிறகுதான் விட்டார்.