இலங்கைக்குப் போகாத ஐயர் மகன்

மூணாறு பக்கம் பள்ளிவாசல் என்ற ஊரில் இருக்கும் எங்கள் தேயிலை எஸ்டேட்டின் கிறிஸ்தவ சபையில் போதகரை ஐயர் என்றும் அவர் மனைவியை ஐயரம்மா என்றும்தான் கூப்பிடுவோம். ஐயர் இறந்து சில வருடங்களாகியிருந்தன. அவர்களுடைய ஒரே மகன், ஊழியத்துக்கு வரமாட்டேன் என்று அப்பாவிடம் சண்டை போட்டு, நான் கைக்குழந்தையாக இருந்தபோதே கப்பலேறியவர். அப்புறம் ஒரு தகவலும் கிடையாது.

எழுபதுகளின் நடுவில், மதுரையில் பி.ஏ. முடித்துவிட்டு, வேலை கிடைக்காமல், வீட்டில் இருப்புக் கொள்ளாமல் திரிந்துகொண்டிருந்தேன். கல்லறைத் திருநாள் நெருங்கியது. அன்று செத்தவர்களுக்கு ஆளுக்கொரு மெழுகுவர்த்தி ஏற்றுவோம். பக்கத்து லயத்து வரிசைவீட்டில் இருந்த கங்காணி அந்த வருடமும் ஆரம்பித்தார்.

"ஐயருக்கு ஏத்தும்போது தம்பிக்கும் ஒண்ணு ஏத்திருங்கம்மா. ஆத்துமா அலையக்கூடாதுல்லா."

"எம்மகன் செத்தத நீரு பாத்தீராக்கும்? ஒம்ம மெழுகுவர்த்திய நீரே பத்தரமா வச்சிக்கிடும்!"

அப்படிச் சொல்லிவிட்டு உள்ளே போய் அழுதார் ஐயரம்மா. அந்த நிமிடமே தீர்மானித்துவிட்டேன்: திருநாளுக்குள் அவர் மகனைக் கண்டுபிடித்தே தீருவது!

எங்கள் ஆட்களுக்குக் கடல் தாண்டினால் இலங்கைதான். தேயிலை வேலை தெரிந்தவன் வேறெங்கே போவான்? இத்தனை வருடமும் தேடியதெல்லாம் அங்கேதான். நானும் அதே மடத்தனத்தைத்தான் செய்தேன். இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பங்களை விசாரித்துக்கொண்டு சாந்தன்பாறை ஏலத்தோட்டங்கள் வரை ஜீப்பில் தொற்றிக்கொண்டு அலைந்தேன். "கண்டியில பாத்தியளா? நுவரெலியாவுல?" ஒருவருக்கும் தெரியவில்லை. "மாப்பிள்ளையத் தொலச்சிட்டுத் தேடுறியாட்டி?" என்று ஒரு அக்கா கேலி செய்ததுதான் மிச்சம்.

துப்பு கிடைத்தது எங்கள் கோயிலிலேயே. ஐயர் வாசித்த பழைய ஆர்மோனியத்தில், நான் பிறப்பதற்கு முன்பே ஒரு கட்டை செத்துப்போயிருந்தது. அழுத்தினால் வெறும் காற்றுதான் வரும். அந்த இடம் வந்தால் அவர் பாட்டை நிறுத்தி, ஒரு மூச்சு விட்டுத் தொடர்வார். சபையும் அப்படியே பழகிவிட்டது. புது ஆர்மோனியம் வந்த பிறகும், ஆராதனை முடிவில் பாடும் கீர்த்தனையின் நடுவே எல்லோரும் கப்பென்று நிற்போம். புதிதாக வருகிறவர்கள் தனியாகப் பாடி மாட்டிக்கொண்டு அசடு வழிவார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, சித்திரபுரம் கரண்டு ஆபீஸ் குவார்ட்டர்ஸில் இருக்கும் தன் தம்பி வீட்டுக்கு வந்திருந்த ஒரு பெண்மணி என் பக்கத்தில் நின்றார். அந்த இடம் வந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு ஓரக்கண்ணால் பார்த்தேன். அவரும் எங்களோடு கப்பென்று நின்றார்!

ஆசீர்வாதம் முடிவதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது.

"அக்கா, அங்க நிறுத்தணும்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஏன், அப்படித்தானே பாடணும்? கென்யாவுல எங்க சபைக்கு தேயிலை ஃபாக்டரில டீமேக்கரா இருக்க அண்ணாச்சி ஒருத்தர்தான் சொல்லிக்கொடுத்தாரு."

"அவருக்கு எந்த ஊரு?"

"மூணாறு பக்கம்பாரு. அப்பா ஐயராம். வாசல மிதிக்காதேன்னுட்டாராம். அதான் இன்னும் ரோசம்."

கென்யா! முன்வரிசையில் இருந்த ஐயரம்மாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். விஷயத்தைக் கேட்டவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"சிரிச்சா ஒத்தக் கண்ணு மூடிக்கிடுமா?"

"ஆமாம்மா! எடது கண்ணு!"

ஐயரம்மா அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

அந்தப் பெண்மணியிடம் விலாசம் வாங்கி மறுநாளே தந்தி கொடுத்தோம். திருநாளன்று ஐயருக்கு மட்டும்தான் மெழுகுவர்த்தி எரிந்தது. கிறிஸ்துமசுக்கு முந்தின வாரம், முன்தலை வழுக்கை விழுந்த ஒருவர் பள்ளிவாசலில் பஸ்ஸை விட்டு இறங்கினார். ஐயரம்மா அவரை வீட்டுக்குக் கூட்டிப்போகவில்லை. லயம் லயமாக இழுத்துக்கொண்டு போனார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் பின்னாலேயே ஓடினேன்.

"வெளிய வாங்க எல்லாரும்! எம்மகன் வந்திருக்கான். தொட்டுப் பாத்துக்கிடுங்க!"

நிஜமாகவே வந்து தொட்டார்கள். கங்காணி ஒருபடி மேலே போய்க் கையைக் கிள்ளியே பார்த்துவிட்டார்.

"அண்ணாச்சி, வலிக்குது!" என்றார் மகன்.

"நல்லா வலிக்கட்டும்லே," என்றார் ஐயரம்மா. "செத்தவனுக்கு வலிக்காதுல்லா!"