அழைக்காமல் கிடந்த தேதி

என் போனில் கப்பல் தேதிகளுக்கு நடுவே ஒருநாள், "அவளுக்குப் பூசை, காலை ஆறு" என்று ஒரு வரி கிடந்தது. கப்பல் பெயர் இல்லை. அது வந்து நிற்கிற பெர்த் நம்பர் இல்லை. அதை எழுதியவர் எங்கள் சூப்பர்வைசர்.

துறைமுகத்தில் கப்பல் மேல் கன்டெய்னர்களைக் கம்பி போட்டுக் கட்டுகிற வேலை எனக்கு. சூப்பர்வைசர் கடற்கரைக்காரர். எல்லாருக்கும் அண்ணாச்சி. முன்பெல்லாம் கப்பல் வருகிற நாளுக்கு ஒவ்வொருவர் போனுக்கும் அழைப்பு அனுப்புவார். வருவேன், வரமாட்டேன் என்று அமுக்க வேண்டும். வருவேன் என்று அமுக்கிவிட்டு ஏரலில் கல்யாணப் பந்தியில் இருப்பார்கள். அவருக்குச் சலித்துவிட்டது. தன் காலண்டரையே எங்கள் போனில் தெரியும்படி செய்துவிட்டார். "இனிமே ஒருத்தனையும் அழைக்க மாட்டேன். தேதி கெடக்கும். பாத்துட்டு வாறவன் வாங்கலே" என்றார். எங்களால் பார்க்கத்தான் முடியும். அதில் எழுத முடியாது.

வேலைக்கென்று தனிக் காலண்டர் வைக்க அவருக்குத் தோன்றவில்லை. அதனால் அவர் வீட்டு விஷயமெல்லாம் எங்களுக்குத் தெரிந்தது. "அண்ணாச்சிக்கு நாளைக்கு கேஸ் சிலிண்டர் வருதாம்ல, லேட்டாத்தான் வருவாரு" என்று சிரிப்பார்கள். பூசை வரியைப் பார்த்து மட்டும் ஒருவரும் சிரிக்கவில்லை. அதைப் பற்றிப் பேசவும் இல்லை.

அவர் மனைவி இறந்தது எல்லாருக்கும் தெரியும். நல்ல காரியத்துக்கு எங்கள் பக்கம் அழைக்காமல் போகமாட்டோம். துக்கத்துக்கு அழைப்பைப் பார்க்கமாட்டோம். வருஷம் திரும்பி வருகிற பூசை இதில் எந்தக் கணக்கு என்று எனக்குப் பிடிபடவில்லை. போனேன்.

மாதா கோவிலில் ஒரு பெஞ்சில் அவர் மட்டும் இருந்தார். எனக்கு சாமி வேறு. எப்போது எழுவது, எப்போது முட்டி போடுவது என்று அவரைப் பார்த்தே செய்தேன். சாமியார் அந்த அம்மாவின் பேரை ஒருமுறை வாசித்தார். அவ்வளவுதான். வெளியே வந்ததும் அண்ணாச்சி, "ஒனக்கு யாருலே சொன்னா?" என்று கேட்டார்.

"போன்ல கெடந்துச்சு அண்ணாச்சி."

போனை எடுத்துப் பார்த்துக்கொண்டே நின்றார். இனி காலண்டரை எங்களுக்குத் தெரியாதபடி மூடிவிடுவார் என்று நினைத்தேன். மூடவில்லை. டீக்கடைக்கு நடந்தார். நானும் நடந்தேன். டீ குடித்தோம். அதன்பிறகு ஒவ்வொரு வருஷமும் அப்படித்தான். வா என்று சொல்லமாட்டார். தேதி கிடக்கும். நான் போவேன்.

எனக்கும் வீட்டில் ஆள் கிடையாது. மில்லர்புரத்தில் ஒரு அறை. என் போனில் எனக்கென்று எழுத ஒரு தேதியும் இருந்ததில்லை. இன்றைக்கு அண்ணாச்சிக்குக் கண் டாக்டர் என்று தெரிந்தால், அந்த நாளுக்கு ஏதோ ஒன்று இருப்பதுபோல இருக்கும்.

வேலைக்காலம் முடிந்து அவர் சென்னைக்கு மகள் வீட்டுக்குப் போனார். கப்பல் தேதிகளை வேறொருவர் போட ஆரம்பித்தார். மற்றவர்கள் அண்ணாச்சியின் காலண்டரைப் போனிலிருந்து எடுத்துவிட்டார்கள். நான் எடுக்கவில்லை. டாக்டர், ஸ்கேன், மறுபடி டாக்டர் என்று வந்தது. நடக்க முடியவில்லை என்று கேள்விப்பட்டேன்.

இந்த வருஷமும் பூசை வரி வந்தது. போனேன். பெஞ்சில் நான் மட்டும். முடிந்து வாசலுக்கு வந்தபோது போன் அடித்தது.

"பேரு வாசிச்சாங்களா?"

"வாசிச்சாங்க அண்ணாச்சி."

"நம்ம ஆளுங்க வந்தானுவளா?"

எல்லாரும் வந்தார்கள் என்றேன்.

"ஒருத்தனும் வந்திருக்க மாட்டான்லே. நீதான் வந்திருப்ப."

நான் டீக்கடைப் பக்கம் நடக்க ஆரம்பித்தேன்.

"அடுத்த வருசம் தேதி கெடக்காது. நீ வந்துரு."

அத்தனை வருஷத்தில் பூசைக்கு அவர் என்னை அழைத்தது அது ஒருமுறைதான்.

வாரேன் என்றேன்.