நாற்பது இலைக்கு ஹில்டா போட்ட விதிகள்

ஏதேன் தோட்டத்தில் யார் எங்கே நிற்க வேண்டும் என்று ஆண்டவர் ராயபுரம் ஹில்டாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், ஏவாள் ஒரு மூலையிலும் பாம்பு எண்ணூரிலும் நின்றிருக்கும். மனுஷ குலம் துணி துவைக்கிற வேலையே இல்லாமல் இன்றைக்கும் சந்தோஷமாக இருந்திருக்கும். துறைமுகத்துக் கப்பல்கள், கொடுங்கையூர் குப்பை வண்டிகள், வானத்து நட்சத்திரங்கள் எல்லாவற்றையும் ஒன்றோடொன்று உரசாமல் அடுக்கிவைக்கப் பூமியில் பிறந்த ஒரே ஆள் அவள்தான். வயது இருபத்து மூன்று. எஸ்.எஸ்.எல்.சி. பாஸ்.

மணலி பக்கம் ஒரு தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் இருந்தது. அது ஒரு அறை முழுக்க உட்கார்ந்திருக்கும். அதற்குத் தீனி அட்டைகள். அட்டையில் துளை போடுவது ஹில்டாவின் வேலை. துளை போட்டுப் போட்டே அந்த இயந்திரத்தின் பாஷையைக் கற்றுக்கொண்டாள். ஃபோர்ட்ரான் என்று பெயர். அதில் எல்லாமே கட்டளைதான்: இதை எடு, அதோடு கூட்டு, முடிந்ததா, மேலே போ.

கேட்டதும் ஹில்டாவுக்கு அம்மா ஞாபகம் வந்தது. அம்மா ஞானபாக்கியம் காலையில் வாயைத் திறந்தால் கட்டளை தவிர வேறு வராது. தண்ணி பிடி, மீனை ஆய், அடுப்பைப் பார். அப்பா சிலுவைமுத்து நேர் எதிர். ரயில்வேயில் வேலை பார்த்த மனிதர், ஆயுசில் ஒரு தடவைகூட எதைச் செய்யச் சொன்னதில்லை. செய்யக்கூடாததை மட்டும் சொல்வார். செருப்பை அங்கே விடாதே. வெள்ளிக்கிழமை கறி கூடாது. எங்கேதான் விடுவது, என்னதான் தின்பது என்று நீயே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். இரண்டு பேரில் ஒருவர் மட்டும் இருந்திருந்தால் அந்த வீடு ஒரு வாரம் தாங்கியிருக்காது.

அக்கா ஃப்ளோரன்ஸுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது இந்த விஷயம் உதவிக்கு வந்தது. மூன்று ஞாயிறும் கோயிலில் கல்யாண ஓலை வாசித்தாயிற்று, யாரும் தடை சொல்லவில்லை. தடையெல்லாம் பந்திக்குத்தான் வந்தது. மாப்பிள்ளையின் பெரியப்பா அய்யாத்துரை, தெற்கத்திக்காரர், மளிகை மொத்த வியாபாரி. அவர் இரண்டு விஷயம் சொல்லியனுப்பினார். அரிசி மண்டி வெள்ளத்துரையோ அவர் வீட்டு ஆட்களோ தன் வரிசையில் இருக்கக் கூடாது. பெண்வீட்டார் கடைசி ஆள்வரை உட்கார்ந்த பிறகுதான் தான் இலையில் கை வைப்பார். ஒன்று பிசகினாலும் மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நேரே வீடு. விளையாட்டுக்குச் சொல்கிறவர் இல்லை. போன வருஷம் காலடிப்பேட்டையில் ஒரு கல்யாணத்தை அப்படித்தான் பாதிப் பந்தியில் கலைத்துவிட்டு வந்தார்.

ஃப்ளோரன்ஸ் இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் ஹில்டா காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்தாள்.

முதல் பந்தியில் நாற்பது இலை, நாலு வரிசை. ஒவ்வொருவர் பெயருக்கு எதிரிலும் அவர் உட்காரக்கூடிய இலைகள் எல்லாவற்றையும் எழுதினாள். பிறகு அப்பா முறையில் ஆகாததை மட்டும் அடித்துக்கொண்டே போனாள். ஒருவருக்கு ஒரே இலை மிச்சமானால் அது அவருடையது. அந்த இலையை மற்ற எல்லோருடைய பட்டியலிலும் அடி. இனி அடிக்க வழியில்லை என்று நிற்கும்போது, சும்மா ஒரு இலையில் ஒருவரை உட்காரவைத்துப் பார். மேலே போய்ச் சிக்கினால் திரும்பி வந்து அவரை எழுப்பு. காகிதத்தில்தான் ஒருவரை இலையை விட்டு எழுப்பலாம். கல்யாணத்தில் எழுப்பினால் வெட்டுக்குத்து.

எழுப்பி எழுப்பிக் காகிதம் கிழிந்தது. நாற்பது பேருக்கு இது மனுஷ வேலை இல்லை என்று தெரிந்ததும் அம்மாவையும் அப்பாவையும் அட்டையில் சேர்த்துவைத்தாள். எப்படி அடிப்பது, எப்போது திரும்புவது என்கிற கட்டளையெல்லாம் ஒரு கட்டு. யாரோடு யார் என்கிற விதி தனிக் கட்டு, ஒரு விதிக்கு ஒரு அட்டை. இரண்டு பெயர், கடைசியில் ஒரு எண். 2 என்றால் ஒரே வரிசையில் கூடாது. 1 என்றால் புருஷன் பெண்டாட்டி மாதிரி பக்கத்துப் பக்கத்தில். விதி மாறினால் அந்த அட்டையை மட்டும் மாற்றினால் போதும், கட்டளைக் கட்டைத் தொடவே வேண்டாம். மேலாளர் அதைக் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார். சனிக்கிழமை மத்தியானம் அரைமணி நேரம் இயந்திரத்தை விட்டுக்கொடுத்தார்.

ஐம்பத்திரண்டாவது விதி அம்மாவுடையது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் வால்டர் நாலு மாதமாகக் காரணமே இல்லாமல் அந்தத் தெருவழியே போய்க்கொண்டிருந்தான். போதாததற்கு வெள்ளத்துரையின் தங்கச்சி மகன் வேறு. பெரியவள் கல்யாணம் முடிகிறவரைக்கும் அவன் ஹில்டா இருக்கிற வரிசையில் வரக் கூடாது. ஹில்டா மறுபேச்சில்லாமல் துளை போட்டாள். அந்த ஒரு அட்டைக்கு மட்டும் கை பிசகிப் பிசகி 2க்குப் பதில் 1 விழுந்தது. இரண்டு அட்டை வீண். மூன்றாவதுதான் சரியாக வந்தது.

வெள்ளிக்கிழமை அட்டைக் கட்டுகளைப் பெட்டியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து சரிபார்த்தாள். கணக்கில் கோட்டைவிட்டு வீட்டோடு கிடந்த தம்பி ஜார்ஜ், மறுநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் கூடப் போனான். நல்ல பையன்.

இயந்திரம் இருபத்தேழு நிமிஷம் கடகடத்துவிட்டு நீளமாக ஒரு தாளைக் கக்கியது. ஹில்டா அதில் இரண்டு பெயரை மட்டும் தேடினாள். அய்யாத்துரை முதல் வரிசை, வெள்ளத்துரை நாலாவது. அதற்குள் நேரம் முடிந்துவிட்டது. தாளைச் சுருட்டி ஜார்ஜிடம் கொடுத்தாள். அவன்தான் அதைக் கல்யாண ஹால் தூணில் ஒட்டினான்.

பந்தி அன்றைக்கு மாதிரி அமைதியாக ராயபுரத்தில் உட்கார்ந்ததே இல்லை. அவரவர் தூணைப் பார்த்தார்கள், போய் உட்கார்ந்தார்கள். பிரியாணி விழுந்தது. கடைசியாக ஹில்டா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். காலியாக ஒரே ஒரு இலைதான் இருந்தது. அதற்குப் பக்கத்து இலையில் வால்டர்.

அவள் நின்றாள். சோறு விழுந்த பிறகு யாரை எழுப்ப முடியும்? முதல் வரிசையில் அய்யாத்துரை இலைக்கு மேலே கையைத் தூக்கி வைத்துக்கொண்டு அவளையே பார்த்தார்.

"பொண்ணுக்குத் தங்கச்சி நிக்கா. நாங்க எந்திரிச்சிறவா?"

ஃப்ளோரன்ஸின் முகம் வெளுத்தது. ஹில்டா அம்மா பக்கம் திரும்பினாள். ஞானபாக்கியம் பல்லைக் கடித்துக்கொண்டு, அன்றைய நாளின் கடைசிக் கட்டளையைப் போட்டாள்: "குந்துடி."

ஹில்டா உட்கார்ந்தாள். அய்யாத்துரையின் கை இலையில் இறங்கியது. வால்டர் தன் இலையிலிருந்த முட்டையை அவள் இலையில் வைத்தான். நாலு வரிசையும் பார்த்தது.

கல்யாணம் தப்பித்தது. இயந்திரத்துக்குள் ஏதோ தூசி புகுந்து ஒரு விதியை முழுங்கிவிட்டது என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். ஜார்ஜும் அப்படித்தான் சொன்னான். அப்படித்தான் இந்தக் கதையையும் ஒரு நோட்டில் எழுதிவைத்தான்.

ஹில்டா இதுவரைக்கும் வாசித்துவிட்டு நோட்டை மூடினாள். தூசியாக இருந்தால் நாலு விதியாவது கெட்டிருக்க வேண்டும். தாளை வைத்து எண்ணிப் பார்த்தாளாம், ஐம்பத்தொன்று சரி, ஒன்றே ஒன்று தப்பு.

"ரெண்டு அட்ட வீணாச்சின்னு எழுதிக்கிறியே, அதுல 1 வுழுந்துச்சின்னும் எழுதிக்கிற. அத்த நான் யாராண்டயும் சொல்லல. வீணான அட்ட ரெண்டும் அம்மாக்கு மளிகை லிஸ்ட் எய்தக் குடுத்த கட்டுல கெடந்துச்சி. அம்மாக்குத் துளை படிக்கத் தெரியாது, அடி. நைனாவுக்கும் தெரியாது, அடி. வால்டரு வூட்டுக்குள்ளாறவே வந்ததில்ல. அப்பால மிச்சம் எத்தினி பேருடா கீது?"

"அட்டயில தொள போட்டது நீதானேக்கா," என்றான் ஜார்ஜ். "நான் பெட்டில மாத்தி வெச்சேன், அவ்ளோதான்."

ஹில்டா நோட்டைத் திரும்பத் திறந்தாள். பென்சிலை எடுத்து 'நல்ல பையன்' என்பதை மட்டும் அடித்தாள்.