கடிகாரக் கடை பில்டிங்

மகள் போன வாரம் ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். அவள் இப்போது இருப்பது இங்கிலாந்தின் தென்கரையில், அந்தக் காலத்துப் பணக்காரர்கள் கோடையில் வந்து கடல்காற்று வாங்கிய ஊர். கடலைப் பார்த்து வரிசையாக வெள்ளை வீடுகள். வயிறு தள்ளினாற்போல் வளைந்த ஜன்னல்கள், இரும்புப் பூவேலை பால்கனிகள். நிறுத்தி நிறுத்தி எண்ணினேன். பத்தொன்பது வீடுகள், நூற்றுப் பதினான்கு ஜன்னல்கள். கடலுக்குள் நீளும் நடைமேடையின் தூண்களை எண்ணும்போதுதான் அவள் கேமராவைத் திருப்பிவிட்டாள். நாற்பத்தொன்றோடு நின்றது இன்னும் உறுத்துகிறது.

அந்தப் பழைய கட்டடங்களைப் பாதுகாப்பதுதான் அவளுக்கு வேலை. வாசற்கதவுக்கு வேறு வண்ணம் அடிப்பதென்றாலும் மனுப் போட வேண்டுமாம். கதவு முன்பு எப்படி இருந்தது என்று பழைய படமும் காட்ட வேண்டுமாம். கதவுக்குப் படம் வைத்திருக்கிறார்கள், பாருங்கள்.

வீடியோவுக்குப் பின்னால் அவள் குரல் வந்தது. "அப்பா, ஆபீஸ்ல எல்லாரும் அவங்கவங்க வளர்ந்த வீட்டைக் காட்டுறோம். நம்ம ரோலா பில்டிங் போட்டோ அனுப்புங்க. ஒண்ணு போதும்."

ஷார்ஜாவில், ரோலாவில், இருபத்தேழு வருடம் இருந்த பில்டிங். பெயர்ப்பலகை உண்டு, யாரும் படித்ததில்லை. கீழே காயல்பட்டினத்து பாய் ஒருவர் கடிகாரக் கடை வைத்திருந்ததால் அது கடிகாரக் கடை பில்டிங். ஐந்து மாடி. நாங்கள் நான்காவதில். எழுபத்தெட்டுப் படிகள். முகப்பு முழுக்க சிமெண்டில் வார்த்த தேன்கூட்டுத் தட்டி. மாலை வெயிலுக்கு முதுகைக் காட்டி, கிழக்கே தெருவைப் பார்த்து நிற்கும். நான் டிராப்ட்ஸ்மேன். கம்பெனிக்காக எத்தனையோ கட்டடங்களுக்கு முகப்பு வரைந்திருக்கிறேன். எங்கள் முகப்பில் வரிசைக்கு எத்தனை ஓட்டை என்று இப்போது கேட்டால் தெரியவில்லை. எண்ணாமல் விட்டது அது ஒன்றுதான்.

ஆல்பங்கள் பதினொன்று. படங்கள் எண்ணூற்று நாற்பத்து மூன்று. மூன்று நாள் தேடினேன். மணிக்கூண்டுக்கு முன்னால் என் மனைவி கோமதி, பூங்கா நீரூற்றுக்கு முன்னால் கோமதி, வெள்ளிக்கிழமை தவறாமல் பாயின் காருக்கு முன்னால் கோமதி. ஊருக்கு அனுப்ப அதுதான் வழக்கம். அந்த வெள்ளைக் காரில் சாய்ந்து படமெடுத்துக்கொள்ளாதவர்கள் எங்கள் பில்டிங்கில் இல்லை. "ஊர்ல ஒங்க எல்லாருக்கும் கார் இருக்கு. பெட்ரோல் போடுறவன் நான் ஒருத்தன்தான்," என்பார் பாய்.

பில்டிங் மட்டும் ஒரு படத்திலும் இல்லை. கோமதி கேட்காமல் இல்லை.

"ஏங்க, நம்ம வீட்டையும் ஒண்ணு எடுங்களேன்."

"ஆமா, பெரிய அரண்மனை. அடுத்த வருஷம் கிளம்பப் போறோம், இதுக்கு ஒரு பிலிமா?"

அடுத்த வருடம், அடுத்த வருடம் என்றே இருபத்தேழு. திருப்பிக் கட்டிக்கொண்டு போகலாம் என்று டிவி வந்த அட்டைப்பெட்டியைக்கூடக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தோம். டிவி போய் அடுத்த டிவி வந்தது, அதன் பெட்டியும் அங்கேயே சேர்ந்தது. சுவரில் ஆணி அடிக்க நான் விட்டதில்லை. காலண்டரைக் கோமதி ஜன்னல் கொக்கியில்தான் மாட்டிவைத்தாள். கடைசி வருடங்களில் லிப்ட் அடிக்கடி நின்றுவிடும். முப்பத்தொன்பதாவது படியில் உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொள்வாள். வேறு வீடு பார்க்கலாமா என்றாள். அதற்கும் நான் அடுத்த வருடத்தையே சொன்னேன்.

அவள் போய்ச் சேர்ந்து ஆறு வருடம் நான்கு மாதம். மகனோடு அல் நஹ்தாவில் இருபத்திரண்டாவது மாடிக்கு வந்துவிட்டேன். லிப்ட் நான்கு. பில்டிங்கை இடித்தபோது எதிர் டீக்கடையில் போய் உட்கார்ந்தேன். ஒன்பது நாள் ஆயிற்று. சட்டைப்பையில் கேமராவோடு போன் இருந்தது. நான் மாடி குறைவதை எண்ணிக்கொண்டிருந்தேன்.

நான்காம் நாள் ஆல்பத்தில் ஒரு படம் அகப்பட்டது. நான் எடுத்ததல்ல. அந்தக் காலத்தில் சுருளுக்கு முப்பத்தாறு படம். கடைசி ஒன்றை மிச்சம் வைத்துக்கொண்டு நான் வாரக்கணக்கில் கழுவக் கொடுக்க மாட்டேன். கோமதிக்குப் பொறுக்கவில்லை. மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போனவள் கேமராவையும் கொண்டுபோய், நான் டூட்டி முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கும் நேரம் பார்த்து அதை எடுத்துவிட்டாள். படத்தில் கீழே தெருவில் நான், அண்ணாந்து பார்த்து, கையை ஓங்கிக்கொண்டு. என்ன கத்தினேன் என்பது நினைவிருக்கிறது. பிலிமை வீணாக்காதே என்றுதான்.

மகளுக்கு அனுப்பினேன்.

"அப்பா, இதுல பில்டிங்கே இல்லையே?"

தெருவைப் பார் என்று எழுதினேன். மாலை ஐந்து மணி. பில்டிங்கின் நிழல் தெருவில் முழுசாக விழுந்து என் செருப்பு வரை வந்திருக்கிறது. நிழலின் விளிம்பில் தண்ணீர்த் தொட்டிகள், பன்னிரண்டு. ஏழாவதுக்கும் எட்டாவதுக்கும் நடுவில் சின்னதாக ஒரு தலை. முகத்தோடு கேமராவை வைத்திருப்பதால் இரண்டு பக்கமும் தூக்கிய முழங்கைகள்.

மகள் கொஞ்ச நேரம் கழித்துக் கூப்பிட்டாள். "அது அம்மாதானே," என்றாள்.

நேற்று ஐந்து மணிக்கு ரோலா போனேன். பாய் கடையை மூடிவிட்டு ஊரோடு போய்விட்டார். பில்டிங் இருந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள், முப்பத்தெட்டு. நிழல் இல்லாததால் எதிர்க்கடைக்காரர் வாசலில் தார்ப்பாய் கட்டியிருக்கிறார். படத்தில் நான் நின்ற இடத்தைத் தேடிப் போய் நின்று அண்ணாந்து பார்த்தேன். மறைக்க ஒன்றுமில்லை. வெயில் நேராக முகத்தில் அடித்தது.