சந்தனம் பூசிய எஞ்சின்

ஆயுத பூஜைக்கு மறுநாள், மைசூரே யானை ஊர்வலம் பார்க்கக் கிளம்பிக்கொண்டிருந்தபோது, அக்கா வீட்டுக்காரர் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

“நீ வாங்கச் சொன்ன பொம்மை ரயில் நேத்தே செத்துப்போச்சு. உன் பேச்சைக் கேட்டேன் பாரு,” என்று வாசலிலேயே ஆரம்பித்தார்.

ஜெர்மனியிலிருந்து தருவித்த டிஜிட்டல் ரயில் அது. கன்ட்ரோலரில் எந்த எஞ்சினின் எண்ணை அழுத்துகிறோமோ, அது மட்டும்தான் நகரும். அழுத்தினேன், நகரவில்லை.

“ஹௌதா, எஞ்சினியர் சாரே? அப்படியா, அவ்வளவுதானா?” என்று பாதிக் கன்னடத்தில் நக்கலடித்தார்.

பல்லைக் கடித்துக்கொண்டு, நான் கொண்டுபோன என் எஞ்சினை அதே தண்டவாளத்தில் வைத்து அதன் எண்ணை அழுத்தினேன். ஓடியது. அப்படியென்றால் கன்ட்ரோலரில் கோளாறில்லை. அவருடையதைக் கவிழ்த்துப் பார்த்தேன். சக்கரமெல்லாம் சந்தனம் காய்ந்து அப்பியிருந்தது. ஸ்கூட்டருக்குப் பூசிய கையோடு இதற்கும் பூசியிருக்கிறார்! தண்டவாளத்திலிருந்து மின்சாரமும் கட்டளையும் சக்கரம் வழியாகத்தான் ஏறும், அதில் தூசிகூடப் படக்கூடாது என்று வாங்கிய அன்றே தொண்டை வறளச் சொல்லியிருந்தேன்.

ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துத் துடைத்துவிட்டேன். எஞ்சின் ஓடியது.

அவர் உள்ளே திரும்பி அக்காவிடம் கத்தினார்: “பார்த்தியா, பூஜை போட்டது வீண் போகல!”

நான் கன்ட்ரோலரின் பிளக்கைப் பிடுங்கி அவர் கையில் கொடுத்தேன்.

“இனிமே பூஜையிலேயே ஓட்டிக்குங்க, அத்தான்.”