அக்கா காட்டிய இடம்

எங்கள் அக்கா கண்மூடி ஓராண்டு ஆகிறது. இன்று படையலுக்கு வந்து, பந்தியில் உட்காரும் முன் இந்த நினைவு மலரைப் புரட்டும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் உடன்பிறந்தவனின் வணக்கம். அம்மாவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தாருங்கள் என்று அக்காவின் மகள் தேவி கேட்டாள். எழுதுகிறேன். அக்கா இருந்திருந்தால் முதலில், "எத்தன பேருக்குக் குடுக்கப் போறீங்க இத?" என்று கேட்டிருப்பார்.

அக்கா யாரையும் எளிதில் நம்பாதவர். ஒரு டாக்டர் கொடுத்த மாத்திரையை இன்னொரு கிளினிக்கில் காட்டிக் கேட்ட பிறகுதான் விழுங்குவார். கல்யாண வீட்டில் யாராவது கொஞ்சம் கூடுதலாகக் கவனித்துவிட்டால், "என்னத்துக்குடா இவ்வளவு பாசம்?" என்று என் காதைக் கடிப்பார். இதையெல்லாம் மறைத்துவிட்டு, அனைவரிடமும் வெள்ளந்தியாகப் பழகியவர் என்று எழுதினால் உங்களில் பாதிப் பேர் சிரித்துவிடுவீர்கள்.

பகா ஊரை அடுத்த மலையடி ரப்பர்த் தோட்டத்தில், மேல் டிவிஷன் தொழிலாளர் லயத்தில் அக்கா பிறந்தார். அவருக்குப் பதினான்கு வயதாக இருக்கும்போது எங்கள் அம்மா காய்ச்சலில் இறந்தார். அப்போது எனக்கு மூன்று வயது. அம்மாவின் முகம்கூட எனக்கு நினைவில்லை. வீட்டில் படமும் இல்லை. அம்மாவை மலைச்சரிவில் அடக்கம் செய்த மறுவாரமே அக்கா பள்ளியை நிறுத்திவிட்டுப் பால்மரம் வெட்டப் போனார். என்னைக் குளிப்பாட்டியதும், எழுத்துக் கூட்டச் சொல்லித் தந்ததும், வேலைக்கு அனுப்பியதும் அக்காதான். எனக்குப் பெண் பார்த்ததும் அவர்தான். பெண் வீட்டாரைப் பற்றி அவர் மூன்று தோட்டங்களில் விசாரித்ததை என் மனைவி இன்றுவரை சொல்லிக் காட்டுகிறாள்.

அந்தக் குணம் அவருக்குப் பிறவியிலேயே வந்ததல்ல. தோட்டம் கைமாறிய சமயத்தில், மடிப்புக் கலையாத சட்டையோடு ஒருவர் நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்தார். தோட்டத்தின் பழைய கதைகளை எழுதப் போவதாகச் சொன்னார். அக்காவுக்கு ஒரே உற்சாகம். முனியாண்டி கோயில் எல்லை எதுவரை, முதல் சூலத்தை எங்கே நட்டார்கள் என்று ஒன்று விடாமல் காட்டினார். அடுத்த மழைக்காலத்துக்குள் அந்த இடத்தில் லாரிப் பாதை வந்துவிட்டது. அந்த மனிதருக்கும் பாதைக்கும் சம்பந்தம் உண்டா என்பது எனக்குத் தெரியாது. அக்காவுக்கு அதில் சந்தேகமே இல்லை. "வாயத் தொறந்தேன், கோயில் போச்சு" என்பார்.

பிறகு ரப்பரை அழித்துச் செம்பனை நட்டார்கள். லயங்கள் காலியாயின. அத்தானும் அக்காவும் அம்பாங்கானுக்குக் குடிவந்தார்கள். பல ஆண்டுகள் கழித்து, பழைய தோட்டத்து ஆட்கள் நாங்கள் சிலர் சேர்ந்து வருடத்துக்கு ஒருமுறை மலையிலேயே வரலாற்று நாள் நடத்தத் தொடங்கினோம். பழைய பள்ளித் திடலில் கூடாரம் போடுவோம். பால்வாளி, உளி, விடியலில் வேலைக்கு ஆள் கூட்ட அடித்த பெரட்டு மணி எல்லாம் மேசையில் இருக்கும். தொகுதியின் ஒய்.பி. ஒருவர் வந்து பேசுவார், சாக்கு ஓட்டம் நடக்கும், மத்தியானம் கறிச் சோறு. அக்கா ஒரு வருடம்கூடத் தவறவிட்டதில்லை. ஆனால் கொண்டாட வருகிறவரைப் போல வர மாட்டார். ஒவ்வொரு படத்தின் முன்னாலும் நின்று கீழே எழுதியிருப்பதைப் படிப்பார். "இது நம்ம லயமே இல்ல. யாரு எழுதுனா இத?" என்று அதட்டுவார். பெரும்பாலும் அவர் சொன்னதுதான் சரியாக இருக்கும்.

வரலாற்று நாள் குழுவின் செயலாளர் குணாவுக்கு ஒரு யோசனை தோன்றியது. செம்பனை நட்டபோது சமாதி மேடுகளெல்லாம் தரைமட்டமாகிவிட்டன. இடம் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே காட்டச் சொல்லி ஒவ்வொருவருக்கும் ஒரு கல் நடலாம் என்றார். அவரை அக்காவிடம் நானே அழைத்துப் போனேன்.

"அக்கா, சும்மா காட்டுங்கலா. ஒங்க அம்மாவுக்குத்தான மொத கல்லு" என்றார் குணா.

"காட்டுனா அப்பறம் என்ன பண்ணுவீங்க?"

"மேப்புல குறிச்சு போர்டுல ஒட்டுவோம்."

மறுவாரம் அக்கா எங்களோடு வந்து, பாதையோரத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஓரிடத்தைக் காட்டினார். அங்கே அம்மாவின் பெயர் பொறித்த கல்லை நட்டோம். அதன்பின் ஒவ்வொரு வரலாற்று நாளிலும் முதல் மாலையை நான்தான் போட்டேன். தாயின் முகம் அறியாத பிள்ளை என்று மைக்கைப் பிடித்துப் பேசுவேன். பேசும்போது உண்மையாகவே அழுகை வந்துவிடும். அக்கா பின்னால் கைகட்டி நின்றிருப்பார். சாப்பாட்டு நேரத்தில் காணாமல் போய்விடுவார். திரும்பி வரும்போது சேலைக் கரையெல்லாம் புல்முள் ஒட்டியிருக்கும்.

"எங்கக்கா போனீங்க?"

"காத்து வாங்க."

குழுவினரோடு உட்கார்ந்து சாப்பிடப் பிடிக்கவில்லை போலும், என்னை வேண்டுமென்றே அவமானப்படுத்துகிறார் என்று நான் சந்தேகப்பட்டேன். அதற்காக ஒரு வருடம் அவரோடு சரியாகப் பேசக்கூட இல்லை. இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அக்காவுக்குச் சிறுநீரகம் கெட்டு, வாரத்துக்கு மூன்று நாள் இரத்தச் சுத்திகரிப்புக்குப் போகும் நிலை வந்தது. ஒருநாள் திரும்பி வந்ததும் என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"தம்பி, நீ மால போடுற எடத்துல அம்மா இல்லடா."

எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் வந்த கோபத்தில் நோயாளி என்றும் பார்க்கவில்லை. "இத்தன வருஷம் வெறும் மண்ணுக்கா அழுதேன்? என்னக்கூட நம்பலயா நீங்க?" என்று கத்திவிட்டேன்.

"ஒன்ன நம்புனேன். ஒன் வாயத்தான் நம்பல. மைக்கு கெடச்சா நீ நிறுத்துவியா?" என்றார் அக்கா. "போன வருஷம் டேப்பு வச்சு அளந்தானுங்களே, எந்த எடத்த அளந்தானுங்க? கல்லச் சுத்தித்தான?"

"அது விழாவுக்கு வர்றவங்களுக்குக் கக்கூஸ் கட்டக்கா."

"பாத்தியா!" என்றார். நோயில் விழுந்த பிறகு அன்றுதான் அவர் அவ்வளவு தெம்பாகப் பேசினார்.

அடுத்த வாரமே, விழா எதுவும் இல்லாத ஒரு சாதாரண நாளில் அவரைக் காரில் அழைத்துப் போனேன். அவரால் ஏற முடியவில்லை. நான் மட்டும் ஏற, அவர் காரிலேயே உட்கார்ந்து கைபேசியில் வழி சொன்னார். அந்த வழியை இங்கே எழுதவில்லை. குணாவும் இதைப் படிப்பார். மேலே மூன்று குரோட்டன் செடிகள் நின்றன. அக்கா நட்டவை. கண்டுபிடித்துவிட்டேன் என்றேன். "யாராச்சும் பாக்குறாங்களா?" என்று கேட்டார். யாரும் இல்லை என்றதும், "அப்ப பால ஊத்து" என்றார். அன்று எனக்கு அழுகை வரவில்லை. அம்மா என்று ஒருமுறை கூப்பிட்டேன். அந்தப் பக்கம் அக்கா போனை வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த மாதம் முடிவதற்குள் அவர் போய்விட்டார்.

அக்காவைச் சலிக்காமல் பார்த்துக்கொண்ட தாதியருக்கும், இறுதிக் காரியத்தில் தோள் கொடுத்த அம்பாங்கான் அண்டைவீட்டாருக்கும், சோறாக்கிப் போட்ட பங்காளிகளுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டிருக்கிறது. வரலாற்றுக் குழுவினர் கோபிக்க வேண்டாம். கல் அங்கேயே இருக்கட்டும், மாலையும் போடுங்கள். பெயர் எங்கள் அம்மாவுடையதுதான்.

எனக்கும் வயதாகிறது. விவரம் என்னோடு போய்விடக் கூடாதே என்று போன மாதம் தேவியை அழைத்துக்கொண்டு மேலே ஏறினேன். செடிகளைக் காட்டி, "இங்கதாம்மா" என்றேன். அவள் செடிகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு கீழே சரிவைப் பார்த்தாள்.

"குரோட்டன்ஸ எங்க வேணும்னாலும் நடலாம் மாமா. அம்மா ஒங்ககிட்டயாவது உண்மையச் சொன்னாங்களா?"

சொன்னார் என்று அடித்துச் சொல்ல வாயெடுத்தேன். முடியவில்லை.

"தெரியலம்மா" என்றேன்.

தேவி என் கையிலிருந்த பால் போத்தலை வாங்கிச் செடிகளுக்கு ஊற்றினாள். மிச்சத்தைக் கையில் ஏந்தி ஏந்தி, அந்தச் சரிவு முழுவதும் தெளித்துக்கொண்டே கீழே இறங்கினாள்.